ஓடத் தெரியாத ஜோடி

மூன்றாவது முறையாகச் செத்துப்போன பிறகு ரெஜினாவுக்கு நல்ல பசி.

பூந்துகில் மாளிகை ஜவுளிக்கடையின் ஏழாவது மாடி கேன்டீனில் நாலு இட்லியும் ஒரு வடையும் வாங்கிக்கொண்டு ஜன்னலோர மேசையில் போய் உட்கார்ந்தாள். வயிறு கூப்பாடு போட்டது. ஆனாலும் தட்டில் கை வைக்கவில்லை. புருஷன் வந்து எதிரே உட்காராமல் அவள் சாப்பிட்டதே கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். யாரும் சொல்லித் தந்த வழக்கமில்லை. எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே மலைக்கோட்டை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் மணிக்கட்டில் மாட்டியிருந்த வளையத்தில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

சிவப்பு என்றால் செத்தவர். பச்சை என்றால் பிழைத்தவர்.

ஆரோக்கியராஜ் வந்தார். ஐந்தாவது மாடியில் வேட்டி சட்டைப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர். எப்போதும் தேய்த்த சட்டை, எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்த நடை. இன்றைக்கு நடையில் கொஞ்சம் நொண்டல் தெரிந்தது. அவர் கையைப் பார்த்தாள். அங்கேயும் சிவப்பு.

"உங்களுக்குமா?"

"எனக்கும்தான். சரி சரி, சாப்பிடு. வடை ஆறிப்போயிருக்கும்."

"மூணு தடவையும் ரெண்டு பேரும் சேர்ந்தே சாகுறமே, அது எப்படிங்க?"

"நம்ம ஒத்துமை அப்படி" என்று சொல்லி அவர் வடையில் பாதியைப் பிய்த்துக்கொண்டார்.

பக்கத்து மேசையில் கோதண்டம் அண்ணன் தன் சிவப்பு விளக்கை எல்லோருக்கும் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். தரைத்தளத்து வாசலில் தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாக நின்று, வருகிறவர்களைக் கும்பிட்டு வரவேற்பது அவர் வேலை. ஒத்திகை முடிந்து கேன்டீனுக்கு ஏறிவரும்வரை அவருடைய இரண்டு கையும் கும்பிட்டபடியே இருந்ததாம். அவரைக் கூட்டி வந்த பயிற்சிக்காரப் பெண் சொல்லிச் சொல்லிச் சிரித்தாளாம்.

"துப்பாக்கியோட வந்தவனுக்கும் வாங்க வாங்கன்னு கும்பிடு போட்டிருக்கேன்பா. என்ன பாக்குறீங்க, பட்டா காட்டனான்னு வேற கேட்டிருப்பேன். பழக்க தோஷம், விடுமா?" என்றார்.

இதெல்லாம் என்ன கூத்து என்று சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு கள்ளச்சந்தையைத் தேடிப் போகவேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. பிறகு வீட்டு மேசையிலேயே எதையும் அச்சடித்துக்கொள்கிற இயந்திரம் வந்தது. டம்ளர் அச்சடித்தார்கள், செருப்பு அச்சடித்தார்கள். மனசு திரிந்த ஒருசிலர் மட்டும் துப்பாக்கி அச்சடித்தார்கள். சினிமா அரங்கில் ஒருவன், ரயில் நிலையத்தில் ஒருவன் என்று ஆரம்பித்தது. நாலைந்து இடத்தில் ரத்தம் பார்த்த பிறகு அரசாங்கம் சட்டம் போட்டது: கூட்டம் சேருகிற எந்த இடமானாலும் அங்கே வேலை செய்கிறவர்கள் ஒத்திகை பழகியே ஆகவேண்டும். சும்மா விசில் ஊதிப் படியிறங்குகிற ஒத்திகை இல்லை. நிஜமாகவே ஒருவன் வந்து சுடுகிறான் என்று நம்பிப் பதறுகிற ஒத்திகை.

அதற்கு ஒரு மாத்திரையும் தலையில் மாட்டுகிற ஒரு பட்டையும் உண்டு. கடை திறப்பதற்கு முன்னால் எல்லோரும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு அவரவர் இடத்தில் நிற்க வேண்டும். பட்டை ஓடத் தொடங்கியதும் இது ஒத்திகை என்பது மறந்துபோகும். கண்ணுக்கு வாடிக்கையாளர் கூட்டம் தெரியும், காதுக்கு வெடிச்சத்தம் கேட்கும். அவரவர் புத்திக்கு எட்டியதைச் செய்வார்கள். முடிந்ததும் ஒன்றும் ஞாபகம் இருக்காது; மாத்திரை அதைத் துடைத்துவிடும். தட்டில் இட்லியும் கையில் விளக்கும்தான் மிச்சம்.

"நினைவே இல்லாத பாடத்தைப் படிச்சு என்ன பிரயோஜனம்?" என்று முதல் நாளே ரெஜினா கேட்டாள்.

பயிற்சி கொடுக்க வந்திருந்த மெஹருன்னிசா அதற்குச் சிரித்தாள். பாலக்கரைப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. "எந்த நாள்ல சைக்கிள் விடக் கத்துக்கிட்டீங்கன்னு ஞாபகம் இருக்கா அக்கா? இல்லல்ல? ஆனா ஏறி உக்காந்தா கால் மிதிக்குதுல்ல? அது மாதிரிதான். பயம் மனசுல தங்கினா தூக்கம் போயிரும். அதனால அதைத் துடைச்சிடுறோம். பழக்கத்தை மட்டும் உடம்புல விட்டுடுறோம்."

அன்றைக்கு அவள் சொன்னது சரியாகத்தான் பட்டது. இன்றைக்கு அதே மெஹர் கேன்டீனுக்குள் வந்து, ரெஜினாவும் ஆரோக்கியராஜும் உட்கார்ந்திருந்த மேசைப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சொல்லத் தயங்கிச் சொன்னாள்.

"அண்ணே, அக்கா, சங்கடமா இருக்கு. ஆனா சொல்லாம இருக்க முடியாது. அடுத்த மாசம் கடைசி ஒத்திகை. அதுலயும் உங்க ரெண்டு பேருக்கும் சிவப்பு வந்தா, ஒருத்தரை கும்பகோணம் கிளைக்கு மாத்தணும். சட்டத்துல அப்படி இருக்கு. ஒருத்தரை ஒருத்தர் இழுக்குற ஆளுங்க ஒரே கட்டடத்துல வேலை செய்யக் கூடாது."

"இழுக்குறதுன்னா?" என்றார் ஆரோக்கியராஜ்.

"அதுக்கு மேல நான் சொல்லக் கூடாதுண்ணே. யாரு உள்ள என்ன பண்ணாங்கன்னு சொல்றதில்ல. முன்னாடி ஒரு ஊர்ல சொல்லித் தொலைச்சாங்க. மாமனும் மச்சானும் வெட்டிக்காத குறை."

ஆரோக்கியராஜ் வடையைக் கீழே வைத்துவிட்டார். இந்தக் கடைக்குள்தான் அவர்கள் முதல்முதலில் பார்த்துக்கொண்டார்கள். ஒரே ஸ்கூட்டரில் பொன்மலைப்பட்டியிலிருந்து வந்து, ஒரே ஸ்கூட்டரில் திரும்பிப் போகிறவர்கள். பிள்ளை இல்லை. அதற்காக ஒருகாலத்தில் அழுததும் உண்டு, பிறகு விட்டுவிட்டார்கள். ஒருவருக்கு ஒருவர் என்று நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த வண்டி. கும்பகோணம் அப்படியொன்றும் தூரமில்லை. ஆனாலும் ரெஜினாவுக்கு அது கடல் தாண்டிய தேசமாகத் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து மெஹர் தன் அம்மாவுக்குப் புடவை எடுக்க, ரெஜினா சூப்பர்வைசராக இருக்கும் இரண்டாவது மாடிக்கு வந்தாள். ரெஜினாவுக்கு அது நல்ல சமயம். தன்னிடம் வேலை செய்யும் பெண்களை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டுத் தானே பாயில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டாள். வாயும் சும்மா இருக்கவில்லை.

"எனக்கு எல்லாம் மனப்பாடம் மேடம். கேளுங்க. ஓட வழி இருந்தா ஓடணும். பையி, போனு, செருப்பு ஒண்ணையும் எடுக்கக் கூடாது. வழி இல்லேன்னா ஒரு ரூமுக்குள்ள போயி, பூட்டி, கனமானதை நகர்த்திக் கதவுக்கு அணை குடுத்து, லைட்டை அணைச்சு, மூச்சு விடாம இருக்கணும். அதுவும் முடியலேன்னாத்தான் கையில கெடைச்சதை எடுத்து எல்லாருமா சேர்ந்து அடிக்கிறது. போலீஸ் வந்தா வெறுங்கையைத் தூக்கிக் காட்டிக்கிட்டு வரணும். இவ்வளவு தெரிஞ்சவ எப்படி மேடம் மூணு தடவை சாவேன்?"

"இந்த அரக்கு நல்லாருக்கு. பார்டர் கொஞ்சம் சின்னதா காட்டுங்க."

"பேச்சை மாத்தாதீங்க. அவருதான் என்னைத் தேடிக்கிட்டு கீழ வர்றாருன்னு நினைக்கிறேன். நான் பாட்டுக்கு ஒழுங்கா ஓடிக்கிட்டிருப்பேன், இவரு வந்து கூப்பிட்டு நிறுத்தியிருப்பாரு. அப்படித்தானே?"

மெஹர் புடவையின் முந்தானையைத் தடவிப் பார்த்தாள்.

"அக்கா, நான் எதுவும் சொல்லக் கூடாது. ஆனா கேக்கலாம்ல? ஒத்திகை முடிஞ்ச அன்னிக்கு வீட்டுக்குப் போனா உடம்புல எங்க வலிக்கும்?"

"கெண்டைக்கால்ல. கெட்டியாப் பிடிச்சுக்கும்."

"அண்ணனுக்கு?"

"அவருக்கு முட்டி. தைலம் தேய்ச்சுக்கிட்டே இருப்பாரு."

"படி இறங்கினா முட்டி வலிக்கும். எப்ப கெண்டைக்கால் பிடிக்கும்?"

ரெஜினாவின் கை பாதி மடித்த புடவையோடு நின்றது. வாசல் கீழே இருக்கிறது. இரண்டாவது மாடியிலிருந்து ஓடுகிறவள் இறங்கத்தான் வேண்டும். கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது என்றால் அவள் ஏறியிருக்கிறாள். வெடிச்சத்தத்துக்கு நடுவே ஐந்தாவது மாடியைப் பார்த்து ஏறியிருக்கிறாள். பின்பக்கப் படி வழியாகச் சந்துக்குப் போயிருக்க வேண்டிய அந்த மனுஷன் அவளைத் தேடி முன்படியில் இறங்கியிருக்கிறார். இரண்டு பேரும் நடுவில் எங்கேயோ சந்தித்துக்கொண்டு, அங்கேயே சுடப்பட்டிருக்கிறார்கள். மூன்று முறையும்.

அவளுக்கு வந்தது பயம் இல்லை. முகமெல்லாம் சிரிப்பு. கல்யாண நாளைக்கூட மறந்துபோகிற மனுஷன், மூன்று முறை அவளுக்காகச் செத்திருக்கிறார்!

"சிரிக்காதீங்கக்கா" என்றாள் மெஹர். குரல் மாறியிருந்தது. "நீங்க ரெண்டு பேரு மட்டும்னா நான் பேசாம இருந்திருப்பேன். உங்க செக்‌ஷன்ல இருக்குற பொண்ணுங்க பயத்துல யாரைப் பாக்கும்? உங்களைத்தான். சூப்பர்வைசர் அக்கா மேல ஏறினா, அதுதான் வழி போலருக்குன்னு அதுங்களும் பின்னாடியே ஏறும். பயந்த சனம் வழி தெரிஞ்ச ஆள் பின்னாடிதான் ஓடும். புரியுதாக்கா?"

ரெஜினா அந்தப் பக்கம் பார்த்தாள். அவளுடைய பெண்கள் ஐந்து பேர் ஒரு புடவையைப் பிரித்து வைத்துக்கொண்டு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று ஒத்திகையிலும் அந்தப் பெண்களுக்குச் சிவப்பு விளக்குதான். கவனக்குறைவு என்று அவள் அவர்களைத் திட்டிக்கூட இருக்கிறாள். மெஹர் வாங்கிய அரக்குப் புடவையை மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் காபியைக் கொடுத்துவிட்டு, புருஷனுக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒரு சத்தியம் பண்ணிக் குடுங்க."

"என்ன, சீட்டு ஆடுறதையா? அதை விட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு."

"கடைக்குள்ள எவனாவது துப்பாக்கியோட வந்தா, நீங்க என்னைத் தேடக் கூடாது. பின்படி வழியா நேரா சந்துக்குப் போயிரணும். என்னை விட்டுட்டுப் போயிரணும்."

ஆரோக்கியராஜ் காபியை ஆற்றுவதை நிறுத்தினார். "கிறுக்கு பிடிச்சுருச்சா உனக்கு? உன்னை விட்டுட்டு ஓடிப்போயி நான் அங்க என்ன பண்றது? டீ குடிக்கிறதா?"

"ஆமா. டீ குடிங்க."

"போடி."

அவள் விடவில்லை. கெண்டைக்கால் கதையைச் சொன்னாள், முட்டிக் கதையைச் சொன்னாள், அந்தப் பெண்களைப் பற்றியும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே வந்தவர், பெண்கள் விஷயம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். ஐந்தாவது மாடியில் அவருக்குக் கீழேயும் ஆறு பையன்கள் வேலை செய்கிறார்கள். வேட்டி மடிக்கக்கூட அவரைப் பார்த்துத்தான் செய்கிறவர்கள்.

"சரி, நான் தேடி வரல. ஆனா நீ வருவியே? நீ ஏறி வருவேன்னு தெரிஞ்சா நான் எப்படிடி நிம்மதியா ஓடுவேன்?"

"நீங்க தேடி வருவீங்கன்னு நினைச்சுத்தானே நான் ஏறுறேன். நீங்க போயிட்டீங்கன்னு உறுதியாத் தெரிஞ்சா நான் ஏன் ஏறப்போறேன்?"

"நீ போயிட்டேன்னு தெரிஞ்சாத்தான் நான் போவேன்."

"நீங்க போனாத்தான் நான் போவேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எவ்வளவு பேசினாலும் பேச்சு அந்த இடத்துக்கே வந்து நின்றது. கடைசியில் ரெஜினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. சிரித்து முடித்துவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார்: "வாயால சத்தியம் பண்ணி ஒண்ணும் ஆகாது ரெஜினா. அந்த நேரத்துல மூளை வேலை செய்யாது. கால் பழகினபடிதான் போகும். நம்ம கால் ஒருத்தருக்காக ஒருத்தர் நின்னே பழகிருச்சு."

மெஹரிடம் போய் இதை அப்படியே சொன்னபோது அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப அங்கேருந்து ஆரம்பிங்க. தினம் எங்கெங்க நிக்கிறீங்களோ, அங்கல்லாம் நிக்காதீங்க" என்றாள்.

கேட்க எளிதாக இருந்தது. செய்து பார்த்தால்தான் தெரிந்தது, அவர்களுடைய பாதி வாழ்க்கை ஒருவருக்காக ஒருவர் நிற்பதிலேயே போயிருக்கிறது. கடை மூடியதும் ஸ்கூட்டர் நிறுத்தத்தில் நிற்பது, கோயில் வாசலில் நிற்பது, சாப்பாட்டு மேசையில் காத்திருப்பது, முதலில் விழித்தவர் மற்றவர் எழும்வரை படுக்கையிலேயே புரண்டுகொண்டிருப்பது. எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். ரெஜினா பஸ்ஸில் போனாள். ஆரோக்கியராஜ் ஸ்கூட்டரில் போனார். பசித்தவர் பசித்தபோது சாப்பிட்டார்.

முதல் வாரம் ரெஜினாவுக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. யார் வீட்டிலோ விருந்தாளியாக உட்கார்ந்து சாப்பிடுவதுபோல இருந்தது. அவரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தார். இரண்டாவது வாரத்தில் ஒரு விஷயம் அவளுக்கே ஆச்சரியமாகப் பட்டது: சூடான சாம்பார் எவ்வளவு ருசி! இத்தனை வருஷமும் அவள் ஆறிப்போனதைத்தான் சாப்பிட்டிருக்கிறாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு வருவது பிடித்திருந்தது. பக்கத்து சீட்டுப் பெண்மணி ஒருத்தியோடு சிநேகமாகிவிட்டாள். அவரோ போகிற வழியில் பாலத்தடியில் நின்று பழைய சிநேகிதர்களோடு பேசிவிட்டு வந்தார். வந்து அந்தக் கதைகளை அவளிடம் சொன்னார். அவளும் பஸ் கதைகளைச் சொன்னாள். முன்பெல்லாம் எப்போதும் சேர்ந்தே இருந்ததால் சொல்வதற்கென்று ஒன்றும் இருந்ததில்லை.

ஆனாலும் ஒருநாள் அவளுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து வேலையெல்லாம் முடித்து உட்கார்ந்த பிறகுதான், அவர் இன்னும் வரவில்லையே என்று நினைத்தாள். முன்பென்றால் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்திருப்பாள். அவர் வந்ததும் கேட்டேவிட்டாள்.

"இப்படியே பழகிப் பழகி, ஒருநாள் நெஜமாவே ஒருத்தருக்கு ஒருத்தர் வேணாம்னு ஆயிருமோங்க?"

அவர் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே சொன்னார்: "நீ எங்கயோ பத்திரமா இருப்பேன்னு நினைச்சுக்கிட்டேதான் வண்டி ஓட்டிக்கிட்டு வந்தேன். முன்னாடி அப்படி நினைச்சதே இல்ல. நீதான் பின்னாடி உக்காந்திருப்பியே." அந்தப் பதில் அவளுக்குப் போதுமாக இருந்தது.

கீழே கோதண்டம் அண்ணனும் தன் பங்குக்குப் பழகிக்கொண்டிருந்தார். வருகிறவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பார்க்க வேண்டும், அதற்கப்புறம்தான் கும்பிடு. மெஹர் சொல்லிக் கொடுத்தது இது. அவர் எல்லோர் கையையும் உற்று உற்றுப் பார்ப்பதைக் கண்டு, வாசலுக்கு ஜோசியக்காரரை வேலைக்கு வைத்துவிட்டார்களா என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டதாகக் கடை முழுக்கச் சிரிப்பு.

கடைசி ஒத்திகை நாள் காலையில் ரெஜினா தனியாக பஸ்ஸில் வந்தாள். மெஹரின் உதவிப் பெண் மாத்திரையை நீட்டினாள். தண்ணீரோடு விழுங்கி, தலையில் பட்டையை மாட்டிக்கொண்டு, பாய்க்கு அருகே தன் இடத்தில் நின்றாள். கும்பகோணம் வேண்டாம் சாமி என்று ஒரு சிலுவை போட்டுக்கொண்டாள்.

அடுத்து அவளுக்கு நினைவு வந்தபோது தெருவில் இருந்தாள்.

கடைக்கு எதிரே, பாத்திரக்கடைப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். காலில் செருப்பு இல்லை. பக்கத்தில் அவளுடைய ஐந்து பெண்களும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்கள். கேன்டீனும் இல்லை, இட்லியும் இல்லை. மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். வளையத்தில் விளக்கே எரியவில்லை. சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை.

தெருவை மறித்துப் போலீஸ் வண்டிகள் நின்றன. கடையின் முன்கண்ணாடி ஒன்று முழுதாக உதிர்ந்து கிடந்தது. ஆம்புலன்ஸின் பின்பக்கம் கோதண்டம் அண்ணன் தலைப்பாகை இல்லாமல், தோளில் கட்டோடு உட்கார்ந்து, ஆண்களும் பெண்களுமாக நாலு பேரை அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார். "என் தலைப்பாகை உள்ள கிடக்குது, யாராச்சும் எடுத்துட்டு வாங்கப்பா."

"இந்தத் தடவை ஒத்திகையை ரொம்ப செலவு பண்ணிப் பண்றாங்கக்கா" என்றாள் ஐவரில் சின்னவள்.

மெஹர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். வந்தவள் ரெஜினாவை அப்படியே கட்டிக்கொண்டாள். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. இது ஒத்திகை இல்லையோ என்று ரெஜினாவுக்கு அப்போதுதான் பட்டது.

"அக்கா, ஒத்திகை நடக்கவே இல்லக்கா. நான் இன்னும் பட்டையை ஓட விடல. நீங்க எல்லாரும் மாத்திரை போட்டுக்கிட்டு நிக்கிறீங்க, நான் மேல ரூம்ல உக்காந்து திரையைப் பாத்துக்கிட்டிருக்கேன். ஒருத்தன் நேரா வாசல்ல ஏறி வர்றான். நெஜம்க்கா. நெஜமான துப்பாக்கி."

வந்தவன் பெயரையும் ஊரையும் நான் இங்கே சொல்லப்போவதில்லை. அந்தப் பெருமை அவனுக்கு வேண்டாம். கோதண்டம் அண்ணன் அவன் கையைப் பார்த்திருக்கிறார். கும்பிடவில்லை. "ஓடுங்கடா" என்று ஒரு கத்தல், கதவுகளைப் பூட்டும் பொத்தானில் ஒரு அடி. வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவே அவன் கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டான். அவன் கண்ணாடியைச் சுட்டு உடைத்தபோது ஒரு சில்லு அண்ணன் தோளைக் கிழித்தது; அவன் உள்ளே வந்தபோது சுடுவதற்கு ஆளில்லை. போலீஸ் வந்தபோது அவன் காலி மாடி ஒன்றில் புடவைக் குவியலுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தானாம். பிடித்துவிட்டார்கள்.

"நான் மைக்குல இது நெஜம், இது நெஜம்னு கத்துறேன். ஒத்திகைதானேன்னு எல்லாரும் சிரிச்சுக்கிட்டு நின்னுருவீங்களோன்னு உசிரே போயிருச்சு. ஆனா ஒருத்தரும் நிக்கலக்கா. சத்தம் கேட்டதும் எல்லாருக்கும் கால் அதுபாட்டுக்கு ஓடுது."

"அவரு?" என்றாள் ரெஜினா. பின்சந்து கட்டடத்துக்கு அந்தப் பக்கம். நடுவில் போலீஸ் கயிறு கட்டியிருந்தது. போன் உள்ளேயே கிடந்தது. போனை எடுக்கக் கூடாது என்பதைக் கால் மறக்கவில்லை.

"பத்திரமா இருக்காருக்கா. இப்ப அங்கேருந்துதான் வர்றேன். அவரு பசங்க ஆறு பேரும் கூட இருக்காங்க."

ரெஜினா முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். மெஹர் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அழுது முடித்ததும் ரெஜினா மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"நான் என்ன பண்ணேன் மேடம்? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லையே."

"சொல்லக் கூடாதுன்னு சட்டம் ஒத்திகைக்குத்தான். இது ஒத்திகை இல்லையே." மெஹர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நீங்க பொண்ணுங்களைத் தள்ளிக்கிட்டுப் படி முனைக்கு வந்தீங்க. அங்க நின்னுட்டீங்க. மேல பாத்தீங்க. எனக்கு அங்க ரூம்ல நெஞ்சு நின்னுபோச்சு. அப்புறம் நீங்களா ஒரு வார்த்தை சொன்னீங்க, ஸ்பீக்கர்ல கேட்டுச்சு. 'அவரு போயிருப்பாரு'ன்னீங்க. அவ்வளவுதான். திரும்பிப் பொண்ணுங்களைக் கூட்டிக்கிட்டு இறங்கி, பக்கவாசல் வழியா தெருவுக்குப் போயிட்டீங்க."

ரெஜினா அந்தப் படி முனையை நினைத்துப் பார்த்தாள். எவ்வளவு தேடினாலும் மனசில் ஒன்றும் கிடைக்கவில்லை. தன் வாழ்நாளில் செய்த ஆகப் பெரிய காரியம், அது தன்னிடம் இல்லை. இன்னொருத்தியின் கண்ணில்தான் இருக்கிறது. அது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐந்து பெண்களையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். வலி குறைந்தது.

"கும்பகோணம்?"

"நான் பாத்துட்டேன்லக்கா. இதுக்கு மேல என்ன ஒத்திகை? ரெண்டு பேரும் இங்கயே இருங்க. நான் எழுதிக் குடுத்துடுறேன்."

ரெஜினா தயங்கினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, கல்யாணப் பெண்ணுக்குரிய வெட்கத்தோடு கேட்டாள்.

"அவரு எப்படிப் போனாரு? நின்னாரா?"

"நிக்கல."

"என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரா?"

"இல்லக்கா. பசங்களை முன்னாடி விட்டுட்டு, பின்படியில ஒரே ஓட்டம். திரும்பிக்கூடப் பாக்கல."

ரெஜினாவுக்கு மனசெல்லாம் குளிர்ந்துபோனது. அப்படியென்றால் நம்பியிருக்கிறார். இவள் போய்விடுவாள், ஏறி வரமாட்டாள் என்று கொஞ்சம்கூடச் சந்தேகமில்லாமல் நம்பியிருக்கிறார். இவளாவது படி முனையில் நின்றாள். அந்த மனுஷன் அதுகூட நிற்கவில்லை.

மெஹர் எழுந்து போன பிறகு ஒரு பெண் போலீஸ் வந்தாள். கையில் தண்ணீர் பாட்டில்கள். ஒவ்வொருவரிடமும் விசாரித்துக்கொண்டே வந்தவள், கண் சிவந்து உட்கார்ந்திருந்த ரெஜினாவிடம் குனிந்தாள்.

"உங்க குடும்பத்துல யாராவது உள்ள இருந்தாங்களாம்மா?"

"எங்க வீட்டுக்காரரு மேடம். அஞ்சாவது மாடி. பத்திரமா வெளிய போயிட்டாரு."

"உங்களைத் தேடி வந்தாரா? பாத்துட்டீங்களா?"

"எங்க தேடுறது!" ரெஜினாவின் முகம் மலர்ந்தது. அந்தத் தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னாள்: "என்னை விட்டுட்டு ஒரே ஓட்டமா ஓடிட்டாராம் மேடம். திரும்பிக்கூடப் பாக்கலையாம்!"

பெண் போலீஸ் அவளை ஒரு கணம் பார்த்தாள். பாவம் என்று பட்டிருக்க வேண்டும். மூடியைத் திறந்து பாட்டிலைக் கையில் கொடுத்து, தோளில் தட்டினாள்.

"விடுங்கம்மா. இந்த ஆம்பளைங்களே அப்படித்தான்."

ரெஜினா சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீரைக் குடித்தாள்.